பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தட்டுவடை செட் கடை: ராத்திரி ஒன்பதரைக்கு மேல்

சேலத்தில் தட்டுவடை செட் கடைக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு தள்ளுவண்டி நிற்கிறது, அவரவருக்கு அவரவர் பேட்டைக் கடைதான் உசத்தி. அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கும் அப்படி ஒரு கடை உண்டு. ஆனால் மூன்று வருடமாகச் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விடுகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமாக நடக்கிற தூரத்தில், ஒரு ஜவுளிக்கடை ஷட்டருக்கு முன்னால் இருக்கிற கடை அது. பெயர்ப்பலகை கிடையாது. நாங்கள் 'அக்கா கடை' என்கிறோம்.

அக்கா திருநங்கை. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். அவரும் அவர் மகளாக வளர்க்கிற இன்னொரு திருநங்கையும் சேர்ந்து கடையை நடத்துகிறார்கள். இதைப் பற்றி எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுது கண்ணு. ஆனா ருசியப் பத்தி மொதல்ல எழுது. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். அதனால் ருசியிலிருந்தே தொடங்குகிறேன்.

தட்டுவடை செட் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டினால் என்ன அகலமோ அந்த அகலத்தில் ஒரு தட்டுவடை. அதன்மேல் சட்னி, காய்த்துருவல், திரும்ப மேலே ஒரு தட்டுவடை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அக்கா போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எவர்சில்வர் தட்டில் சீட்டுப் போடுவது மாதிரி ஐந்து வடைகளைச் சட்டென்று பரப்புவார். சிவப்புச் சட்னியைக் கரண்டியின் அடிப்பக்கத்தால் ஒரே இழுப்பு. வரமிளகாயும் பூண்டும் தூக்கலாக அரைத்த சட்னி, கெட்டியாக இருக்கும், வழியாது. அடுத்து கேரட், பீட்ரூட், வெங்காயம். பெரும்பாலான கடைகளில் பீட்ரூட்டைத் துருவி அப்படியே பேசினில் கொட்டி வைத்திருப்பார்கள். அரைமணி நேரத்தில் அது தண்ணீர் விட்டு, வடை நமத்துப்போய், மேலெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிடும். அக்கா துருவலை மல்துணியில் கட்டிப் பிழிந்து வைக்கிறார். ஒரு சாயங்காலத்துக்கு நான்கைந்து தடவை பிழிகிறார். அதனால் அவருடைய விரல்கள் எப்போதும் கருஞ்சிவப்பாகவே இருக்கும், மருதாணி வைத்த மாதிரி. மேல்வடையின் உள்பக்கம் புதினா, கொத்தமல்லிச் சட்னி தடவிக் கவிழ்த்து, எலுமிச்சை இரண்டு சொட்டு. செட்டைக் கடிக்கக் கூடாது, முழுசாக வாயில் போட வேண்டும். முதலில் கடக்கென்று ஒரு சத்தம், அப்புறம் காரம், அப்புறம்தான் காயின் இனிப்பு. இந்த வரிசை மாறாமல் வருகிறதென்றால் அதற்குக் காரணம் அந்த மல்துணிதான்.

ஒரு பிளேட் 40 ரூபாய், ஐந்து செட். முறுக்கு செட்டும் அதே விலை. பூண்டு செட் 50. வடையை நொறுக்கிச் சட்னியும் காயும் கலந்து தருகிற நொறுக்கல் 45, முட்டை நொறுக்கல் 60. முட்டை நொறுக்கல் பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும், அதற்காகவே வருகிறவர்கள் முன்னாடியே வந்துவிடுங்கள். ருசிக்கு நான் 5க்கு 4.5 கொடுப்பேன். குறைத்த அரை எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

சரி, இனி மற்றது.

சாயங்காலம் ஆறரைக்குக் கடை தொடங்கும்போது கூட்டம் எல்லாக் கடைக் கூட்டத்தையும் போலத்தான். ஜவுளிக்கடையில் வேலை முடிந்து போகிற பெண்பிள்ளைகள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற குடும்பம். ஒன்பதரைக்கு ஜவுளிக்கடை ஷட்டர் இறங்கும். கடைக்காரர் நல்ல மனிதர், படிக்கட்டைப் பயன்படுத்திக்கொள்ள அக்காவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். இரண்டு மரப்பெஞ்சும் நாலைந்து பிளாஸ்டிக் ஸ்டூலும் வெளியே வரும். அதற்கப்புறம் வருகிறவர்கள்தான் நாங்கள். ஸ்டீல் பிளான்ட் பக்கமிருந்து ஒரு தம்பி, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து ஆத்தூர் பஸ் பிடிக்கிற நர்ஸும் அவருடைய தோழியும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற ஒரு அண்ணன், கல்லூரியில் படிக்கிற திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவர்) ஒருவர், மாதம் ஒருமுறை ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, ராத்திரி மலையேற முடியாமல் நண்பர் வீட்டில் தங்குகிற இன்னொரு அண்ணன். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநர். புதிதாக யாராவது தயங்கித் தயங்கி நின்றால், "நீங்க கம்யூனிட்டியா?" என்று மெதுவாகக் கேட்போம். எங்களுக்குள் புழங்குகிற ஒரே வார்த்தை அதுதான்.

2022இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் தமிழ்நாடு அரசு அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. எங்களையெல்லாம் மரியாதையாக எப்படிக் குறிப்பிட வேண்டும் என்கிற பட்டியல். பால்புதுமையர் என்ற சொல்லை அதிலிருந்துதான் ஸ்டீல் பிளான்ட் தம்பி எங்களுக்குப் படித்துக் காட்டினான். அக்கா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கூப்பிட வராது" என்றார்.

முதல் மூன்று தடவை நான் இந்தக் கடைக்கு வந்தபோது பெஞ்சில் உட்காரவில்லை. பார்சல் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, டியூப்லைட் வெளிச்சம் முடிகிற இடத்துக்கு அப்பால் வண்டியை நிறுத்தி, சீட்டிலேயே வைத்துத் தின்றேன். தெரிந்தவர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் என்ன சொல்வது என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். பார்சலில் தட்டுவடை செட் நன்றாகவே இருக்காது, ஐந்து நிமிடத்தில் சொதசொதவென்று ஆகிவிடும். நாலாவது தடவை பார்சல் என்றதும் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இங்கயே தின்னா மொறுமொறுன்னு இருக்கும் தம்பி. இருட்டுல நின்னு எதுக்கு நமத்துப்போனதத் தின்னுட்டு இருக்க?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு நேர் மேலே அந்த டியூப்லைட். என் முகம் ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த வெளிச்சத்தைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு ஊரைப் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

2015இல் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க மான்செஸ்டர் போனேன். அந்த ஊர் மில் துணி வந்து நம் தறிகளைப் படுக்கவைத்த கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர் தாத்தா. அவர் பேரன் அங்கேயே படிக்கப் போகிறான் என்று தறிக்கார வீட்டில் எல்லோருக்கும் பெருமை. சாக்வில் தெருவில் பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு எதிரே சின்னப் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பெஞ்சில், கையில் ஆப்பிளோடு ஒரு வெண்கல மனிதர் உட்கார்ந்திருப்பார். ஆலன் டூரிங். இன்று நம் கையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் அடிப்படைக் கணக்கைப் போட்டவர், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். ஒரு ஆணோடு உறவு வைத்திருந்தார் என்று 1952இல் அவருக்குத் தண்டனை கொடுத்து, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்து ஏற்றினார்கள். 1954இல் இறந்துபோனார். சிலையை 2001இல் வைத்தார்கள். அரச மன்னிப்பு வந்தது 2013 டிசம்பரில். அதே 2013 டிசம்பரில்தான் நம் உச்ச நீதிமன்றம், டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் செல்லாக்காசாக்கியிருந்த, எங்கள் உறவைக் குற்றமாக்குகிற 377ஆம் பிரிவை மறுபடி உயிர்ப்பித்தது. 1860இல் வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன சட்டம் அது. அந்தப் பெஞ்சில் டூரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிடும்போதெல்லாம், என் ஊரில் நான் இன்னும் குற்றவாளிதான் என்ற நினைப்பு வரும்.

பூங்காவை ஒட்டிக் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேனால் தெரு. அந்தத் தெருவையும் சுற்றியுள்ள சந்துகளையும்தான் கே வில்லேஜ் என்கிறார்கள். வெள்ளி, சனி ராத்திரிகளில் அது வேறு உலகம். பார்களின் மேஜை நாற்காலிகள் கால்வாய்க் கைப்பிடிச் சுவர்வரை நீண்டிருக்கும், ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு, பெண் வேடத்தில் ஆறடி உயரத்தில் மின்னிக்கொண்டு வரும் கலைஞர்கள், கைகோத்து நடக்கும் எழுபது வயதுத் தாத்தாக்கள். முதல் ராத்திரி நான் ஒரு சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு பாலத்து முனையில் இரண்டு மணி நேரம் சும்மா நின்று பார்த்தேன்.

இந்தத் தெரு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ரோச்டேல் கால்வாய் 1804இல் முழுசாகத் திறந்தது. பஞ்சு மூட்டையும் துணி மூட்டையும் போன வழி, இரண்டு பக்கமும் கிடங்குகள். அப்புறம் சரக்கெல்லாம் ரயிலுக்கும் லாரிக்கும் மாறியது. படகுகள் நின்றன, கிடங்குகள் காலியாயின, பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில் ரயில் நிலையம், இந்தப் பக்கம் சோர்ல்டன் தெருவில் வெளியூர் பஸ் நிற்கும் நிலையம். யார் எந்த ஊர் என்று யாரும் கேட்காத இடம், இருட்டிய பிறகு யாருக்கும் வேண்டாத இடம். வேறெங்கும் போக முடியாதவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நம் பழைய பஸ் ஸ்டாண்டையும், பக்கத்தில் ஓடுகிற திருமணிமுத்தாற்றையும், ஒன்பதரைக்கு இறங்குகிற ஷட்டரையும் நினைத்துப் பாருங்கள். எனக்கு இரண்டும் ஒரே கணக்காகத்தான் தெரிகிறது.

தெருவுக்கு முன்னாலேயே ஆட்கள் இருந்தார்கள். 1880 செப்டம்பரில் அந்த ஊர் ஹியூம் பகுதியில் ஒரு மண்டபத்தில் ஆண்கள் வேடம் கட்டி ஆடிய நடன விருந்து நடந்தது. பாதிப் பேர் பெண் வேடம். வாசலில் 'சிஸ்டர்' என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். அதுதான் அடையாளச் சொல். போலீஸ் புகுந்து 47 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. இதை அக்காவிடம் ஒருநாள் சொன்னேன். "நூத்தி நாப்பது வருசத்துக்கு முந்தியே அக்கான்னு சொல்லித்தான் உள்ள போயிருக்காங்க" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

கேனால் தெருவில் இருக்கிற நியூ யூனியன் என்ற பழைய பப்புக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே எங்கள் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1965இல் அதை நடத்தியவரைச் சிறையில் போட்டார்கள். 1967இல் சட்டம் தளர்ந்தது. 21 வயது நிறைந்த இரண்டு ஆண்கள் நாலு சுவருக்குள் இருந்தால் குற்றமில்லை என்றார்கள். நாலு சுவருக்கு வெளியே கதை பழையபடிதான். 1978இல் நெப்போலியன்ஸ் என்ற கிளப்பில் ஆண்கள் சேர்ந்து ஆடினார்கள் என்று, தூசு படிந்த ஒரு 19ஆம் நூற்றாண்டு விதியைத் தேடி எடுத்து போலீஸ் புகுந்தது. ஜேம்ஸ் ஆண்டர்டன் என்பவர் அந்த வட்டாரத்துக்குப் போலீஸ் தலைவராக இருந்த காலம் அது. எய்ட்ஸ் வந்தபோது, தாங்களே உண்டாக்கிய சாக்கடையில் சுழல்கிறவர்கள் என்று 1986இல் பகிரங்கமாகப் பேசியவர். அவர் காலத்தில் கால்வாயில் மோட்டார் படகு விட்டு, பாலத்துக்கு அடியில் விளக்கு அடித்துத் தேடினார்கள்.

1988இல் பள்ளிகளிலும் நூலகங்களிலும் எங்களைப் பற்றி நல்லவிதமாக வாய் திறக்கக் கூடாது என்கிற 28ஆம் பிரிவு வந்தது. அதை எதிர்த்து அந்தப் பிப்ரவரியில் மான்செஸ்டர் தெருவில் சுமார் 20,000 பேர் நடந்தார்கள். அந்தப் பிரிவை ஒழிக்க 2003 ஆனது. ஆனால் அந்த ஊர்வலத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து, 1990 டிசம்பரில் நடந்த ஒன்றுதான் தெருவை மாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. கரோல் ஐன்ஸ்கோ என்ற பெண்ணும் அவருடைய கூட்டாளியும் மான்டோ என்று ஒரு பார் திறந்தார்கள். அதுவரை இருந்த இடங்களெல்லாம் எப்படி என்றால், ஜன்னலுக்குக் கறுப்புப் பெயின்ட், கதவைத் தட்டினால் சின்னத் துளை வழியாக முகம் பார்த்து உள்ளே விடுவார்கள். மான்டோவின் முகப்பு முழுக்க ஆளுயரத்துக்கு மேல் பெரிய பெரிய கண்ணாடி. உள்ளே உட்கார்ந்திருப்பவர் தெருவுக்குத் தெரிவார். முதலில் உள்ளே வரவே ஆட்கள் பயந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் போனது. அப்புறம் பக்கத்துக் கிடங்குகளும் ஒவ்வொன்றாக ஜன்னலைத் திறந்தன. நான் போனபோது மான்டோ என்ற பெயர் அங்கே இல்லை. ஆனால் தெரு முழுக்கக் கண்ணாடி.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல மாட்டேன். ஒரு பார் வாசலில் என்னை மட்டும் நிறுத்தி, "இது எந்த மாதிரி இடம் என்று தெரியுமா" என்று கேட்டு, கைப்பேசியைக் காட்டச் சொன்னார்கள். என்னோடு வந்த வெள்ளைக்கார நண்பர்களிடம் யாரும் கேட்கவில்லை. தோல் நிறத்தைப் பார்த்து, இவன் எங்கள் ஆளாக இருக்க முடியாது என்று முடிவு செய்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி நடந்தே அறைக்குத் திரும்பினேன். குளிரைவிட அது அதிகமாக உறைத்தது.

ஆனால் 2016 ஆகஸ்டு கடைசியில், பிரைடு என்கிற எங்கள் ஆட்களின் விழா முடிகிற திங்கட்கிழமை ராத்திரி, அதே பூங்காவில் நடந்த மெழுகுவர்த்தி அஞ்சலிக்குப் போனேன். எய்ட்ஸில் போனவர்களுக்காகச் செய்வது. எல்லோர் கையிலும் ஒரு மெழுகுவர்த்தி, காற்றுக்குக் காகிதக் கூம்பு. இசை நின்று, ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிற இடத்தில் சத்தமே இல்லை. என் கையில் மெழுகு சொட்டிச் சுட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் எதுவும் பேசாமல் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அப்புறம், கால்வாய்ப் பக்கம் விரலைக் காட்டி, அந்தப் பாலத்தடியில்தான் படகு விளக்குக்குப் பயந்து ஓடியதாகச் சொன்னார். அன்றைக்கு அதே இடத்தில் எல்லோர் முகத்திலும் விளக்கு.

அந்த வருடக் கடைசியில் சேலம் திரும்பினேன். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, 377 எங்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பு வந்த அன்று, ஆபீஸ் வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்று அழுதேன். கட்டிப்பிடித்துக்கொள்ள இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. சென்னையில் 2009இலிருந்தே பிரைடு ஊர்வலம் நடக்கிறது, நண்பர்கள் கூட்டம் இருக்கிறது. சேலத்தில் ஃபோனில் ஒரு ஆப், முகம் இல்லாத படங்கள், அவ்வளவுதான். ஒருமுறை என் நண்பரும் நானும் ஒரு லாட்ஜில் அறை கேட்டபோது, ஆதார் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபேமிலிக்குத்தான் தர்றோம்" என்றார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த நாலு பையன்களுக்குச் சாவி கொடுத்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினோம். இந்த மூன்று வருடத்துக்கு முன்னால்வரை என் சேலம் அதுதான்.

அக்காவின் கதையை அவர் அனுமதித்த அளவுக்குச் சொல்கிறேன். அவர் குகைப் பக்கத்துக்காரர். ஆடித் திருவிழாவில் குகையில் வண்டி வேடிக்கை நடக்கும் என்பது சேலத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜோடித்த வண்டிகளில் மனிதர்களே சாமி வேடம் கட்டி உட்கார்ந்து வருவார்கள், சிவனும் பார்வதியும் முருகனும் காளியுமாக. ராத்திரி முழுக்க ரோடு நிறைய ஜனம். அம்மன் வேடம் கட்டுகிறவர்களில் ஆண்பிள்ளைகள் நிறைய. அக்காவுக்குப் பதிமூன்று வயதில் பார்வதி வேடம் கிடைத்தது. பட்டுப் புடவை, ஒட்டியாணம், தலைநிறையப் பூ. வண்டி நகர நகர, தெரிந்த தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. அப்பாவும் கூட்டத்தில் நின்று கும்பிட்டார் என்று அக்கா சொல்லும்போது குரல் மாறும். மறுநாள் காலையில் அந்தக் கண்மையை அவர் அழிக்கவில்லை. அதற்காக அதே அப்பா பெல்ட்டை எடுத்தார். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனார். பம்பாய், பெங்களூர் எல்லாம் சுற்றி, முப்பத்தைந்து வயதுக்கு மேல் திரும்பி வந்து, செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றில் கொலுசுக்குச் சலங்கை கோக்கிற வேலை பார்த்தார். கண் மங்கிய பிறகு இந்தக் கடை.

தள்ளுவண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருக்கிறது. பிரித்திகா யாஷினி 2017இல் தர்மபுரியில் சப் இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்ற செய்தி. நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் திருநங்கை, சேலத்துக்காரர். அதைப் பார்த்து யாராவது கேட்டால் அக்கா கை வேலையை நிறுத்திவிட்டுச் சொல்வார், "நம்ம ஊருப் புள்ள." பணம் அனுப்ப கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். முன்பு பட்டறை அண்ணன் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அடையாள அட்டை, ஆதார், வங்கி என்று ஒன்றரை வருடம் அலைந்து பெயரை மாற்றினார். இப்போது 40 ரூபாய் அனுப்பினால் என் திரையில் அவர் பெயர் வருகிறது, அவரே வைத்துக்கொண்ட பெயர். முதல் நாள் அதை எல்லோரிடமும் ஃபோனை வாங்கி வாங்கிப் பார்த்தார்.

கடைக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. கேட்காமல் யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. தலையில்லாத கை மட்டும் விழுந்தாலும் அக்கா விடமாட்டார், மோதிரத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பார். இரண்டாவது, யாரையும் "எந்தத் தெரு?" என்று கேட்கக் கூடாது. நம் ஊரில் அந்தக் கேள்வி எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் திருநம்பித் தம்பியிடம் அதைக் கேட்டபோது, "இங்க எல்லாருக்கும் இந்தத் தெருதான்" என்று அக்கா தட்டை ணங்கென்று வைத்தார்.

இனி குறைகள். பச்சைச் சட்னி எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. கொத்தமல்லி விலை ஏறினால் புதினா கூடி, லேசாகக் கசக்கிறது. அரை மதிப்பெண் அதற்குத்தான். சனிக்கிழமை பத்து மணிக்கு இருபது நிமிடமாவது காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அக்கா முன்கூட்டியே செட் போட்டு வைக்க மாட்டார். மழை வந்தால் ஜவுளிக்கடைத் தகரத்துக்கு அடியில் எட்டுப் பேர்தான் நிற்கலாம். கை கழுவ டிரம் தண்ணீர் மட்டும், சோப்பு வைக்கலாம்.

பெரிய குறை கழிப்பறை. அது கடையின் குறை இல்லை. பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்காகக் கட்டிவிட்டார்கள், பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பொதுக் கழிப்பறைகளில் ஆண், பெண் என்று இரண்டே வாசல். எங்கள் திருநம்பித் தம்பி எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரு பேச்சு வாங்கிக்கொண்டுதான் வருகிறான். அதனால் கடைக்கு வருகிற நாளில் அவன் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. இதைக் கேட்டபின் அந்தக் காரமான செட் எனக்கு இறங்கவில்லை. இப்போது பட்டறை அண்ணன் தன் பட்டறைச் சாவி ஒன்றை அவனிடம் கொடுத்து வைத்திருக்கிறார். வண்டியில் ஐந்து நிமிடம்.

எங்கள் கூட்டத்தில் இல்லாதவர்கள் வரலாமா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாக வாருங்கள். போன மாதம் என் தங்கை வந்தாள். நான் சொல்லி ஒரு வருடம் கழித்து, தானாகவே கேட்டு வந்தாள். நர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பிளேட் பூண்டு செட் சாப்பிட்டுவிட்டு, வண்டியில் திரும்பும்போது கோட்டை தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அண்ணா, நீ அங்க இருக்கறப்ப வேற மாதிரி சிரிக்கிற" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: சில்லறை கொண்டுபோங்கள், ராத்திரி பதினொன்றுக்கு மேல் நெட்வொர்க் மக்கர் செய்கிறது. வண்டியைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. பீட்ரூட் வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஷட்டரெல்லாம் இறங்கிய வரிசையில் அந்த ஒரு டியூப்லைட்தான் எரியும், அக்கா அதை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறார். திங்கட்கிழமை விடுமுறை. ஆடியில் குகை வண்டி வேடிக்கை அன்றும் கடை கிடையாது. அன்றைக்கு அக்காவும் மகளும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, சாயங்காலமே போய் ரோட்டோரம் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள்.